பெல்ட் வரிசைக்கு எந்த இயந்திரம்? டயருக்குள் கார்டு இடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

205/55 ஆர் 16 அளவுள்ள ஒரு கார் டயரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், தரையைத் தொடும் ரப்பருக்கு அடியில் இரண்டு எஃகு பெல்ட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதையும், ஒன்றின் கார்டுகள் வலப்பக்கமும் மற்றதன் கார்டுகள் இடப்பக்கமும் சுற்றுத்திசைக்கு ஏறத்தாழ 25 பாகை சாய்ந்திருப்பதையும் காணலாம். மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த வலுவூட்டும் வடத்தைத்தான் டயர் ஆலைகளில் கார்டு என்கிறோம். சக்கரத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் டயர் ஓரத்தைப் பீடு என்பார்கள்; எஃகு பெல்ட்டுகளுக்குக் கீழே ஒரு பீடிலிருந்து மறு பீடு வரை, சுற்றுத்திசைக்குச் செங்குத்தாகச் செல்லும் பாலியெஸ்டர் கார்டுகள் கார்கஸாக அமைகின்றன. பெல்ட்டுகளுக்கு மேலே, சுற்றுத்திசையிலேயே ஓடும் நைலான் கார்டுகள் மூடுபட்டையாக அமைகின்றன. கார்கஸும் பெல்ட்டும் வேலையை இப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கோரி, 1949இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை டயர் ஆலைகள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி, இந்தக் கார்டுகளை இடைவெளி பிசகாமல், இழுவிசை மாறாமல், ரப்பருக்குள் எந்த இயந்திரத்தால் இடுவது என்பதே.

நாளொன்றுக்கு 2,500 கார் டயர்கள் என்ற அளவில் தொடங்கத் திட்டமிடும் ஓர் ஆலையை வைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இது சிறிய எண்ணிக்கை; ஆனால் இயந்திரத் தேர்வு உண்மையில் சிக்கலாவது இந்த அளவில்தான். கார்கஸ், பெல்ட், மூடுபட்டை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுத்துவிடலாம் என்று நினைப்பது தவறு. மூன்றிலும் கார்டின் தன்மை வேறு, அது கிடக்கும் கோணம் வேறு, அது தவறினால் ஏற்படும் விளைவும் வேறு. கடினமானது எஃகு பெல்ட் பற்றிய முடிவு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழகிய வழி காலண்டர் வழி; காலண்டர் என்பது ரப்பரை உருளைகளுக்கிடையே தகடாக அழுத்தும் இயந்திரம். நான்கு கனத்த உருளைகள் கொண்ட காலண்டருக்குப் பின்னால் கிரீல் அறை இருக்கும். அதில் கார்டு சுற்றிய நூற்றுக்கணக்கான பாபின்கள் தண்டுகளில் மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாபினிலிருந்தும் பித்தளை பூசிய ஓர் எஃகுக் கார்டு புறப்பட்டு, சீப்புப் போன்ற வழிகாட்டியைக் கடந்து, உருளைகளுக்கிடையே நுழையும்போது மேலும் கீழும் ரப்பர் தகடு அழுத்தப்படுகிறது. வெளியே வருவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள, கார்டுகள் நீளவாக்கில் ஓடும் தாள். அது துணிச் சுருளோடு சுற்றி வைக்கப்பட்டு, பிறகு வெட்டும் வரிசைக்குப் போகிறது. அங்கே கத்தி அதைச் சாய்வாக வெட்ட, வெட்டிய துண்டுகள் ஓரத்தோடு ஓரமாக இணைக்கப்பட்டு நீண்ட பெல்ட் ஆகின்றன. ஜெர்மனியில் புர்க்குன்ஷ்டாட் என்னும் ஊரிலுள்ள கார்ல் ஓய்கன் ஃபிஷர் நிறுவனத்தின் வெட்டும் வரிசைகளை உலகின் பல டயர் ஆலைகளில் காணலாம்.

இரண்டாவது வழியில் காலண்டர் இல்லை. சில பத்து பாபின்கள் மட்டுமே கொண்ட சிறு கிரீலிலிருந்து கார்டுகள், ரப்பரை அழுத்தித் தள்ளும் இயந்திரமான ஓர் எக்ஸ்ட்ரூடரின் தலைப்பகுதிக்குள் நுழைகின்றன. அழுத்தத்தோடு வரும் ரப்பர் ஒவ்வொரு கார்டையும் சூழ்ந்து, அச்சுவாய் வழியாக ஒரு குறுகிய பட்டையாக வெளியேறுகிறது. அந்தப் பட்டை குளிர்ந்ததும், அதே வரிசையிலேயே பெல்ட்டின் கோணத்துக்கு வெட்டப்பட்டு, துண்டு துண்டாகப் பக்கத்தில் பக்கம் ஒட்டப்பட்டுப் பெல்ட் ஆகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஸ்டீலாஸ்டிக் நிறுவனத்தின் பெயரோடு இந்த முறை நெருக்கமாக இணைந்திருப்பதால், பிற நிறுவனங்களின் வரிசைகளைக் கூடச் சிலர் அந்தப் பெயராலேயே குறிப்பிடுவதுண்டு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். டெசிமீட்டருக்கு 80 கார்டுகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் அகலத் தாளுக்கு 800 பாபின்கள் வேண்டும், 50 மி.மீ. அகலப் பட்டைக்கு 40 பாபின்கள் போதும். காலண்டர் நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடினால் 30 சதுர மீட்டர் தாள் கிடைக்கும். நாம் எடுத்துக்கொண்ட டயரில் பெல்ட்டின் சுற்றளவு ஏறத்தாழ 1.92 மீட்டர்; இரண்டு பெல்ட்டுகளின் அகலத்தையும் சேர்த்து 350 மி.மீ. என்று கொண்டால், ஒரு டயருக்கு 0.67 சதுர மீட்டர் ஆகிறது. ஆகவே காலண்டர் ஒரு நிமிடத்தில் 44 டயர்களுக்கான தாளைத் தந்துவிடும். 2,500 டயர்களின் தேவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எக்ஸ்ட்ரூடர் வரிசையோ, நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடினாலும் ஒரு சதுர மீட்டர்தான் தரும். அதாவது மணிக்கு 90 டயர்கள். 2,500 டயர்களுக்கு 28 மணி நேரம். மேலும், 180 மி.மீ. அகலப் பெல்ட்டை 25 பாகையில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 426 மி.மீ. நீளம் வரும் என்பதால், அந்த வேகத்துக்கே நிமிடத்தில் 47 வெட்டுகள் வேண்டும். வேகத்தை ஏற்ற விரும்புகிறவருக்குப் பெரும்பாலும் எக்ஸ்ட்ரூடரைவிட அதன்பின் வரும் வெட்டுக் கத்தியும் துண்டை எடுத்து வைக்கும் கையுமே தடையாக நிற்கும்.

எக்ஸ்ட்ரூடர் மிகவும் மெதுவானது என்று மட்டும் இந்தக் கணக்கைப் படித்தால், ஒரு பாதியைத்தான் படித்ததாக ஆகும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஓடும் காலண்டர், அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒவ்வொரு நாளும் சூடேற்றப்பட வேண்டும். அதற்கு ரப்பர் ஊட்டும் மில்கள் சூடேற வேண்டும். 800 கார்டுகளும் சீப்பில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்திலும் தடிமன் நிலைப்படும் வரை வெளிவரும் தாள் கழிவுதான். ரப்பர் மட்டும் என்றால் மீண்டும் மில்லில் போட்டுக் கலந்துகொள்ளலாம். எஃகுக் கார்டோடு சேர்ந்துவிட்ட ரப்பரை எந்த மில்லிலும் போட முடியாது. ஒரு மீட்டர் அகலத்தில் வீணாகும் பத்து மீட்டருக்கும், 50 மி.மீ. அகலத்தில் வீணாகும் பத்து மீட்டருக்கும் இருபது மடங்கு வேறுபாடு உண்டு. வேலையை அதிகம் நிறுத்தித் தொடங்கும் சிறிய ஆலைக்கு இந்த இருபது மடங்கு ஒவ்வொரு மாதமும் கணக்கில் வந்து நிற்கும்.

அத்தோடு, ஒரு மணி நேரத்தில் உருவான தாள் நாள் முழுவதும், சில வேளை பல நாட்கள், சுருளாகக் காத்திருக்கிறது. ரப்பரின் ஒட்டும் தன்மை குறைந்துகொண்டே போகும். கார்டின் பித்தளைப் பூச்சுக்கு ஈரம் பகை. எக்ஸ்ட்ரூடர் வரிசையில் இன்று காலை வெளிவந்த பெல்ட், இன்று மாலைக்குள் டயரில் ஏறிவிடும்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எஃகும் ரப்பரும் ஒட்டுவதற்கு, பித்தளையிலுள்ள செம்பும் ரப்பரிலுள்ள கந்தகமும், டயரைச் சூட்டில் வேகவைத்து இறுக்கும் க்யூரிங்கின்போது சேர்ந்து உருவாக்கும் மெல்லிய படலமே காரணம். இழையின்மேல் ஈரம் படிந்தால் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. அதனால்தான் கிரீல் அறைக்குத் தனியே வெப்பநிலைக் கட்டுப்பாடும் ஈரப்பதக் கட்டுப்பாடும் தேவைப்படுகின்றன. நான் பணிபுரிந்த ஓர் ஆலையில், ஐப்பசி மழை பெய்த ஓர் இரவில் கிரீல் அறையின் ஈரநீக்கி நின்றுவிட்டது. காலைப் பணிமுறை வரும் வரை யாரும் கவனிக்கவில்லை. பிறகு எடுத்த மாதிரிகளில், ரப்பருக்குள்ளிருந்து கார்டைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையில், கம்பி ரப்பர் ஒட்டாமல் பளபளவென்று வெளியே வந்தது. அந்தக் கம்பியின் பளபளப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. 800 பாபின்களின் வெளிச்சுற்றுகளைக் கழற்றி எறிந்து மறுபடி கோக்க ஒன்றரை நாள் ஆயிற்று. 40 பாபின்கள் கொண்ட சிறு கிரீலைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, ஒரு சிறு ஈரநீக்கியால் காத்துவிடலாம். சென்னையைச் சுற்றியுள்ள கடலோரக் காற்றில் ஆலை நடத்துகிறவர்கள் இதை ஓர் அற்ப வசதியாகக் கருத மாட்டார்கள்.

இனி இணைப்புகள். காலண்டர் முறைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம், அதில் இணைப்புகள் குறைவு என்பதே. ஒரு மீட்டர் அகலத் தாளை 25 பாகையில் வெட்டினால், ஒவ்வொரு துண்டும் பெல்ட்டின் நீளவாக்கில் 2.37 மீட்டர் வரும். ஆகவே, ஏறத்தாழ ஐந்து டயர்களில் நான்கில் ஒரு துண்டு இணைப்பும், எல்லா டயர்களிலும் பெல்ட்டைச் சுற்றி மூடும் இணைப்பும் இருக்கும். 50 மி.மீ. பட்டையில் செய்த பெல்ட்டிலோ ஒவ்வொரு 118 மி.மீ.க்கும் ஓர் இணைப்பு. ஒரு பெல்ட்டில் பதினாறு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காலண்டருக்கே வெற்றி.

ஆனால் டயர் சக்கரத்தில் சுழலும்போது நமக்குத் தொல்லை தருவது இணைப்புகளின் எண்ணிக்கையன்று, அவை சுற்றளவில் பரவியிருக்கும் விதம். ஒரே இடத்தில் கார்டுகள் நெருங்கியோ விலகியோ இருந்தால், ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை விசை ஏறி இறங்கும். ஓட்டுநரின் கையில் நடுக்கமாக வந்து சேர்வது பெரும்பாலும் இந்த முதல் அதிர்வுதான். பதினாறு இணைப்புகள் சம இடைவெளியில், ஒரே மாதிரியாக அமைந்தால், அவற்றின் விளைவு சுழற்சிக்குப் பதினாறு முறை நிகழும் சிறு அதிர்வாகச் சிதறிவிடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சுற்றளவில் துண்டுகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். நமது 1.92 மீட்டர் சுற்றளவைப் பதினாறால் வகுத்தால் 120 மி.மீ.; அதற்கேற்ற பட்டை அகலம் 50.7 மி.மீ. அச்சுவாயை 50 மி.மீ. என்று வாங்கிவிட்டுக் கடைசித் துண்டில் மிச்சத்தை ஒப்பேற்றுகிற ஆலை, எக்ஸ்ட்ரூடர் முறையின் முக்கியமான நன்மையைத் தானே கைவிடுகிறது. டயர் அளவுகள் பலவாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அச்சுவாய் மாற்ற இயலாது என்பது உண்மை. அப்போது துண்டுகளை வைக்கும் இடைவெளியைச் சிறிதளவு கூட்டிக் குறைத்து ஈடுசெய்யும் வசதி வரிசையில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

காலண்டர் தாளின் துண்டு இணைப்போ, டயருக்கு டயர் வேறு வேறு இடத்தில் விழுகிறது. சில டயர்களில் அது மூடும் இணைப்புக்கு மிக அருகில் வந்துவிடும். அத்தகைய பகுதியை வெட்டித் தள்ள வேண்டும். எஃகு என்பதால் அதுவும் மீளாத கழிவு.

வெட்டு முனைகளைப் பொறுத்தவரை இரண்டு முறைகளும் சமம். கார்டை எங்கே வெட்டினாலும் அதன் முனையில் பித்தளைப் பூச்சு இல்லாத வெற்று எஃகு தெரியும். ரப்பர் அதனோடு ஒட்டாது. பெல்ட் ஓரத்தில் விரிசல் பிறப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, பெல்ட்டுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததே விசாரணையின் மையமாக இருந்தது. ஆகவே, எந்த முறையானாலும் ஓரங்களின்மேல் மெல்லிய ரப்பர் நாடாவைப் போர்த்தும் பகுதியை விலை குறைப்பதற்காக நீக்கிவிடக் கூடாது.

எக்ஸ்ட்ரூடரின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் தலைப்பகுதியில் ரப்பர் சூடாகவும் அழுத்தத்திலும் தங்குகிறது. வரிசை சற்று நேரம் நின்றாலே அங்குள்ள ரப்பர் முன்கூட்டியே வேகத் தொடங்கும். அதைத் தள்ளி வெளியேற்றிவிட்டுத்தான் மீண்டும் ஓட்ட முடியும். காலண்டருக்கென்று வகுத்த ரப்பர்க் கலவை எக்ஸ்ட்ரூடரில் அப்படியே ஓடும் என்று எண்ணவும் கூடாது. பெரும்பாலும் அதன் பாகுத்தன்மையையும், வேகத் தொடங்கும் நேரத்தையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். கார்டு ஒட்டுக்கான கோபால்ட் உப்பு சேர்ந்த கலவையில் அப்படி மாற்றுவது, பல மாதச் சோதனை வேலை. மறுபுறம், அழுத்தத்தோடு சூழும் ரப்பர் கார்டின் இழைகளுக்கிடையே நன்கு புகுகிறது. உருளைகள் மேலும் கீழும் அழுத்துவதைவிட இது சிறந்த பூச்சு என்பதே என் கருத்து.

மூடுபட்டையில் தயங்க இடமில்லை. முன்பு நைலான் துணியை முழு அகலத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். இப்போது 10 மி.மீ. அளவிலான குறுகிய பட்டையைச் சுருள்போல் இடைவிடாது சுற்றும் முறை பரவலாகிவிட்டது. இதில் குறுக்கே செல்லும் இணைப்பே இல்லை. தோள்பகுதியில் இழுவிசையைக் கூட்டியும் நடுவில் குறைத்தும் சுற்றலாம்; வேகத்தில் பெல்ட் ஓரம் தூக்குவதைத் தடுப்பதுதான் மூடுபட்டையின் வேலை என்பதால், இழுவிசையை இடத்துக்கேற்ப மாற்றும் இந்த வசதி மிகவும் பயனுள்ளது. 180 மி.மீ. அகலத்துக்குப் பதினெட்டுச் சுற்றுகள், ஏறத்தாழ 35 மீட்டர். நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் 14 விநாடிகளில் முடியும். பட்டையை அகலத் துணியிலிருந்து கீறி எடுப்பதா, எக்ஸ்ட்ரூடரில் செய்வதா என்ற உட்கேள்வி ஒன்று உண்டு. கீறும் கத்தி சற்று விலகினாலும் ஓரக் கார்டு சிராய்த்துவிடும் என்பதால் எனக்கு எக்ஸ்ட்ரூடரே உகந்ததாகத் தோன்றுகிறது.

கார்கஸில்தான் எக்ஸ்ட்ரூடர் ஆதரவாளர்களின் வாதம் தடுமாறுகிறது. பாலியெஸ்டர் கார்டு துணியாக நெய்யப்பட்டு, ரப்பர் ஒட்டுவதற்கான ரெசார்சினால், ஃபார்மால்டிஹைடு, லேட்டக்ஸ் கலந்த கரைசலில் தோய்த்து, சூட்டில் இழுத்து நிலைப்படுத்தப்பட்டு ஆலைக்கு வருகிறது. டயர் கார்டுத் துணியை வெளியிலிருந்து வாங்குவது கடினமன்று. சென்னை மணலியிலேயே நைலான் டயர் கார்டு பல பத்தாண்டுகளாக உற்பத்தியாகிறது. ஆனால் அந்தத் துணிக்கு ரப்பர் பூச வேண்டுமே! அதற்குக் காலண்டர் தேவை. அப்படியானால், துணியையும் எஃகையும் மாறி மாறி ஓட்டக்கூடிய இருவகைக் காலண்டர் ஒன்றை வாங்கி, பக்கத்தில் எஃகு கிரீல் அறையையும் கட்டிவிடலாமே என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காலண்டருக்கான செலவு எப்படியும் உண்டு. கூடுதல் செலவு கிரீல் அறைக்கும் எஃகு வெட்டும் வரிசைக்கும் மட்டுமே.

இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 2,500 டயர் ஆலையில் துணி ஓட்டமும் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான். ஒரே காலண்டரில் துணியிலிருந்து எஃகுக்கு மாறும்போது கலவையை மாற்றி, உருளைகளைச் சுத்தம் செய்து, 800 கார்டுகளை ஏற்றி, மறுபடி தடிமனை நிலைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஃகுக் கழிவு. கலவை தவறிக் கலந்துவிடும் ஆபத்தும் உண்டு. அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. டயர் சாலையில் ஓடிய பிறகுதான் வெளிப்படும். ஆகவே, துணிக்கு மட்டுமான எளிய காலண்டரும், பெல்ட்டுக்கு இரண்டு எக்ஸ்ட்ரூடர் வரிசைகளும் என்பதே இந்த ஆலைக்கு நான் சொல்லும் முடிவு. முதல் பெல்ட்டுக்கு ஒன்று, இரண்டாம் பெல்ட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நாளுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் ஓடினால் போதும். பராமரிப்புக்கும் அளவு மாற்றத்துக்கும் நேரம் மிஞ்சும். ஒரு வரிசை பழுதானால் மற்றது இரண்டு பெல்ட்டுகளையும் செய்து பாதி உற்பத்தியையாவது காப்பாற்றும். ஒரே நிறுவனத்துக்கு அருகில் காலண்டர் வசதியுள்ள இன்னோர் ஆலை இருந்தால், ரப்பர் பூசிய துணிச் சுருள்களை அங்கிருந்து கொண்டுவந்து, துணிக் காலண்டரையும் தள்ளிப்போடலாம்.

இந்த முடிவு எல்லா அளவுக்கும் பொருந்தாது. நாளுக்கு 20,000 டயர்கள் என்றால் பதினொரு எக்ஸ்ட்ரூடர் வரிசைகளும், அவற்றுக்கான ஆட்களும் இடமும் வேண்டும். காலண்டரோ அதே தேவையை ஒரு பணிமுறைக்குள் முடித்துவிடும். நாளுக்கு ஐந்தாறாயிரம் டயர்கள் வரை எக்ஸ்ட்ரூடர், அதற்குமேல் காலண்டர் என்பது என் மதிப்பீடு. விரிவாக்கம் இரண்டே ஆண்டுகளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் இன்றே காலண்டருக்கு இடம் ஒதுக்கிவிடுவது நல்லது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: துணியும் தாளும் இல்லாமல், தனிக் கார்டையே டயர் வடிவிலுள்ள உறுதியான உள்ளச்சின்மேல் நேரடியாக இடுவது. மிஷெலினின் சி3எம் முறையும், பிரெல்லி 2000ஆம் ஆண்டில் மிலானின் பிக்கொக்கா ஆலையில் தொடங்கி, 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ரோம் நகருக்குக் கொண்டுசென்ற எம்.ஐ.ஆர்.எஸ். ரோபோ முறையும் உள்ளச்சை மையமாகக் கொண்டவை. பிரெல்லி முறையில் ரோபோக்கள் உள்ளச்சை ஏந்திக்கொண்டு எக்ஸ்ட்ரூடர்களின் முன்னால் சுழற்றுகின்றன. கார்டை ஒரு பீடிலிருந்து மறு பீடுக்குக் கொண்டுபோய், திருப்பி, மீண்டும் கொண்டுவந்து இடும் முறையில் கார்கஸில் இணைப்பே இல்லை. கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடமும் இல்லை; ஆகவே காற்றடைத்த பிறகு பக்கச்சுவரில் தெரியும் பள்ளமும் இல்லை. தட்டையான உருளையில் கட்டிப் பிறகு ஊதிப் பெருக்குவதில் நேரும் கார்டு நகர்வும் இல்லை. பொறியியல் அழகில் மற்ற இரண்டு முறைகளும் இதன் அருகில் வர முடியாது.

ஆயினும் நமது ஆலைக்கு இது பொருந்தாது. டெசிமீட்டருக்கு 100 கார்டுகள் என்று கொண்டால் ஒரு கார்கஸுக்கு ஏறத்தாழ 1,300 முறை கார்டை இட வேண்டும். இயந்திரக் கை நொடிக்குப் பத்து முறை கார்டை இட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நல்ல வழக்கமான கட்டும் இயந்திரம் முழு டயரையே ஒரு நிமிடத்துக்குள் கட்டிவிடுகிறது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் தனித்தனி உள்ளச்சுகள் வேண்டும். அவை பிரித்துச் சேர்க்கக்கூடிய, துல்லியமாகக் கடைந்த உலோகத் துண்டுகள். டயரோடு சேர்ந்து க்யூரிங்குக்கும் போகிறவை என்பதால் ஒவ்வோர் அளவுக்கும் பல செட்டுகள் தேவைப்படும். விலையுயர்ந்த உயர்வேக டயர்களைச் சில அளவுகளில் மட்டும் செய்கிறவர்களுக்கு இது தகும். முப்பது அளவுகளில் சந்தைக்கு வருகிறவர்களுக்குத் தகாது.

எக்ஸ்ட்ரூடர் வரிசையை வாங்க முடிவு செய்கிறவர்கள், விற்பவரின் ஆலையில் அவருடைய கலவையில் ஓடும் காட்சியைப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. தமது கலவையை, தமது கார்டு பாபின்களைக் கொண்டுபோய் எட்டு மணி நேரம் இடைவிடாது ஓட்டச் சொல்ல வேண்டும். நடுவே, முன்னறிவிப்பின்றி இருபது நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்கும்போது நல்ல பட்டை வருவதற்குள் எத்தனை மீட்டர் கழிகிறது என்று அளக்க வேண்டும். அன்று செய்த பெல்ட்டுகளைத் தமது டயரில் கட்டி, க்யூரிங் முடித்து, எக்ஸ்ரே எடுத்து, பதினாறு இணைப்புகளிலும் கார்டுகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்து, அந்த அளவுகளை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதிச் சேர்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.